லா நுவெல்: சாலை இல்லாத மலைக்கிராமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீயூனியன் தீவில் வசிக்கிறேன் என்று தெரிந்ததும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து உறவினர்களும் நண்பர்களும் முதலில் எரிமலையைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, “காரே போகாத ஊர் ஒன்று அங்கே இருக்கிறதாமே?” என்பதுதான். அந்த ஊர் லா நுவெல். அதைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்து, பதிலும் எழுதியிருக்கிறேன். போகப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, அங்கே வாழ்கிறவர்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இது உதவ வேண்டும்.

லா நுவெல் எந்த நாட்டில் இருக்கிறது?

பிரான்ஸில். ஆனால் ஐரோப்பாவில் இல்லை. மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். நாணயம் யூரோ. சட்டமும் பாடத்திட்டமும் பாரீஸில் உள்ளவையே. தீவின் பரப்பு சுமார் 2,500 சதுர கி.மீ.

மக்கள் பெரும்பாலும் கடலோரத்தில்தான் வாழ்கிறார்கள். தீவின் நடுவில் 3,070 மீட்டர் உயர்ந்து நிற்கும் பித்தோன் தே நேஜ் என்ற அணைந்த எரிமலையைச் சுற்றிச் சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்று மூன்று பெரும் மலைக்குழிகள் உண்டு. அவற்றில் மஃபாத்துக்குள் இருக்கிறது லா நுவெல்.

மஃபாத் என்பது ஊரா, மலையா? ஒன்றும் புரியவில்லையே.

ஊரும் இல்லை, மலையும் இல்லை. எரிமலையின் உடல் சரிந்தும், பல லட்சம் ஆண்டு மழையில் அரிக்கப்பட்டும் உருவான பள்ளம் அது. சுமார் 100 சதுர கி.மீ. பரப்பு. சுற்றிலும் செங்குத்தான பாறைச்சுவர்கள். சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் மேல். உள்ளேயும் சமதரை கிடையாது. முகடும் பிளவும் ஓடையுமாகக் கிழிந்து கிடக்கும் நிலம். அந்த ஓடைகளெல்லாம் சேர்ந்து கலே ஆறாகி வடமேற்கே கடலுக்குப் போகின்றன.

இந்தக் கிழிசல்களுக்கு நடுவே ஆங்காங்கே மேடாக, கொஞ்சம் தட்டையாக ஒரு துண்டு நிலம் இருக்கும். அதை இங்கே ‘இலே’ என்பார்கள். ஒவ்வோர் இலேயிலும் ஒரு சிற்றூர்: மார்லா, ரோஷ் ப்ளாத், ஒரேர், கிராந்த் ப்ளாஸ் என்று. லா நுவெல் அவற்றில் பெரியது, சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பேர் வாழும் இந்த ஊரை மஃபாத்தின் தலைநகர் என்று சொல்வது வழக்கம். நிர்வாகத்தில் மட்டும் இது தனி ஊராட்சி அல்ல. கடலோரத்தில் இருக்கும் லா பொசெஸியோன் நகராட்சியைச் சேர்ந்தது. நகராட்சி அலுவலகத்தில் நேரில் முடிக்க வேண்டிய வேலை என்றால் மலையேறி இறங்கித்தான் போக வேண்டும்.

உண்மையாகவே ஒரு சாலைகூட இல்லையா? ஜீப் போகும் மண்பாதையாவது இருக்காதா?

இல்லை. மக்கள் வாழும் எந்த இலேக்கும் வண்டிப்பாதை கிடையாது. கலே ஆற்றின் படுகையில் நாற்சக்கர இயக்க வண்டிகள் தெ ப்ரா என்ற இடம் வரை வரும். அது மஃபாத்தின் வாசல், அதற்கப்பால் நடந்துதான் போக வேண்டும். ஊருக்குள் சக்கரம் வைத்த பொருள் என்றால் சாமான் தள்ளும் ஒற்றைச்சக்கர வண்டியைத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எப்படிப் போவது?

லா நுவெலுக்கு எளிய வழி சலாசி பக்கத்திலிருந்து. கிராந்த் இலே ஊரைத் தாண்டி மேலேறும் வனத்துறைச் சாலை, சுமார் 1,950 மீட்டர் உயரத்திலுள்ள கோல் தே பெ கணவாய்க்குச் சற்றுக் கீழே முடிகிறது. காரை நிறுத்தக் காவலுடன் கூடிய இடம் உண்டு, கட்டணமும் உண்டு. அங்கிருந்து கணவாயைக் கடந்து, தமரேன் மரங்கள் நிறைந்த சமவெளி வழியாக இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஊர். தமரேன் என்பது இந்தத் தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் ஒரு வேல மர வகை. புயலில் சாய்ந்தும் சாகாமல், படுத்த நிலையிலேயே கிளைவிட்டு வளர்ந்திருக்கும். மூடுபனிக்குள் அந்தக் காட்டைக் கடக்கிற அரை மணி நேரத்துக்காகவே நான் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பேன்.

சிலாவோஸ் பக்கமிருந்தும் வரலாம். 2,081 மீட்டர் உயரத் தைபித் கணவாயை ஏறிக் கடந்து, மார்லாவில் இறங்கி, அங்கிருந்து லா நுவெல். எண்ணூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். நல்ல உடல்வலு வேண்டும். தெ ப்ராவிலிருந்து ஆற்றோரமாக ஏறி வருவது ஒரு முழு நாள் வேலை. முதல் முறை வருகிறவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்து வரலாமா?

லா நுவெல் வரை வேண்டாம். போகும்போது இறக்கம் என்பதால் சுலபமாகத் தோன்றும். இறக்கம்தான் முழங்காலைப் பதம்பார்க்கும்; மழை பெய்திருந்தால் மரப்படிகளும் வேர்களும் வழுக்கும். அடுத்த நாள் அதே ஐந்நூறு மீட்டரை ஏறித் திரும்பவும் வேண்டும்.

மேற்கே மாய்தோ என்ற காட்சிமுனை இருக்கிறது, சுமார் 2,200 மீட்டர் உயரம். கார் அங்கே வரை போகும். விளிம்பில் நின்றால் மஃபாத் முழுவதும் காலடியில் விரியும். தகரக்கூரைகள் மின்னுவதைக்கூடப் பார்க்கலாம். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு மேகம் உள்ளே நிரம்பிவிட்டால் வெள்ளைத் திரையைத் தவிர எதுவும் தெரியாது.

இவ்வளவு உள்ளே போய் மனிதர்கள் ஏன் குடியேறினார்கள்? கீழே இடமா இல்லை?

கீழே இடம் இருந்தது. சுதந்திரம் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தீவில் குடியேறினார்கள். அன்று இதன் பெயர் பூர்போன். காப்பித் தோட்டங்களுக்காக மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தப்பியவர்கள் மலைக்குள் ஓடினார்கள். அவர்களை ‘மரோன்’ என்பார்கள். 1723-இல் வந்த அரசாணைப்படி, முதல் முறை தப்பிப் பிடிபட்டால் காதை அறுத்துத் தோளில் சூடு போடுவார்கள். இரண்டாம் முறை பின்னங்கால் நரம்பை வெட்டுவார்கள். மூன்றாம் முறை மரணம். இதைத் தெரிந்துகொண்டே ஓடியவர்கள்தான் மஃபாத்தின் முதல் குடிகள்.

அவர்களை வேட்டையாடக் கூலிப்படைகள் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சுவா முய்சார் என்பவர் அதில் பேர்பெற்றவர். கொன்றதற்குச் சான்றாக வெட்டிய கையைக் கொண்டுவந்து காட்டிப் பரிசு வாங்குவது அன்றைய வழக்கம். மஃபாத் என்பதே அவர்களால் கொல்லப்பட்ட ஒரு மரோன் தலைவனின் பெயர் என்று சொல்லப்படுகிறது. லா நுவெலுக்கு வடகிழக்கே நிற்கும் சிமாந்தெஃப் சிகரமும் ஒரு மரோன் தலைவனின் பெயரையே தாங்கியிருக்கிறது. துரத்தியவர்களுக்கு அல்ல, துரத்தப்பட்டவர்களுக்கு இந்த மலைகளில் பெயர் நிலைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

1848 டிசம்பர் 20 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். இன்றும் அந்த நாள் தீவில் பொதுவிடுமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்கு வந்தவர்கள் வேறு ரகம்: பாகப்பிரிவினையாலும் கரும்புத் தோட்ட முதலாளிகளாலும் நிலத்தை இழந்த ஏழை வெள்ளையர். மரோன்களின் வழிவந்தவர்களும் இவர்களும் கலந்த கிரியோல் மக்கள்தான் இன்று அங்கே இருப்பவர்கள்.

நம் தமிழர்கள் அங்கே இருக்கிறார்களா?

தீவில் ஏராளமாக இருக்கிறார்கள், மஃபாத்தில் தேடாதீர்கள். அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1860-க்குப் பிறகு பிரிட்டிஷாருடன் செய்த உடன்படிக்கையால் சென்னை மாகாணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் இறக்கப்பட்ட இடம் கடலோரச் சமவெளி. ஆலை அங்கே, குடியிருப்பு அங்கே, கோயிலும் அங்கே. சேன்-ஆந்த்ரே நகரின் கொலோஸ் கோயிலைப் பார்த்தால் நம் ஊர்க் கோபுரம் கண்முன் நிற்கும். தீமிதியும் காவடியும் இன்றும் தவறாமல் நடக்கின்றன.

இந்த வம்சாவளியினரை இங்கே ‘மல்பார்’ என்று அழைப்பார்கள். லா நுவெலில் தமிழ்ப் பெயருள்ள ஒருவரைச் சந்தித்தால் அவர் அநேகமாக உங்களைப் போலவே நடந்து வந்த விருந்தாளியாக இருப்பார்.

இப்போது மொத்தம் எத்தனை பேர் அங்கே வாழ்கிறார்கள்? பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்?

மஃபாத் முழுவதற்கும் எழுநூறு, எண்ணூறு பேர். ஒரு காலத்தில் மக்காச்சோளம், பீன்ஸ், பருப்பு, கிழங்கு என்று வீட்டுக்கான வேளாண்மையும் ஆடு, மாடு, பன்றி, கோழியும்தான் வாழ்க்கை. தைலத்துக்காக ஜெரேனியம் பயிரிட்டவர்களும் உண்டு. இன்று தோட்டங்கள் சிறுத்துவிட்டன. லா நுவெலில் பெரும்பாலான குடும்பங்கள் நடைப்பயணிகளுக்கான தங்கும் விடுதி, கடை, சமையல் என்று ஏதோ ஒன்றை நம்பியிருக்கின்றன. பாதைகளைப் பராமரிப்பதும், வனத்துறைக்காகக் களையெடுத்து மரம் நடுவதும் அடுத்த வருமானம். அரசு உதவித்தொகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைச் சொல்லாமல் ‘தற்சார்புக் கிராமம்’ என்று எழுதுகிறவர்கள் அந்த மக்களுக்கு நல்லது செய்யவில்லை.

அரிசி, கேஸ், சிமென்ட் எல்லாம் எப்படி வருகின்றன?

ஹெலிகாப்டரில். முன்பெல்லாம் முதுகிலும் எருதுகளிலும் ஏற்றிக் கணவாய் வழியே கொண்டுவந்தார்கள்.

வானம் தெளிந்திருக்கும் காலை நேரத்தில் ஊர் விளிம்பில் நின்றால் இதைப் பார்க்கலாம். ஹெலிகாப்டர் தரையிறங்காது. அடியில் நீளமான கம்பிவடத்தில் ஒரு வலை தொங்கும். வலைக்குள் அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் கோழித்தீவனமும் பீர்ப் பெட்டியும் ஒன்றாக நெருக்கியிருக்கும். தூசியும் சருகும் பறக்க, கீழே காத்திருப்பவர் கையசைத்து இடம் காட்டுவார். வலை தரையைத் தொட்டதும் கொக்கியைக் கழற்றி, காலி சிலிண்டர்கள் நிறைந்த இன்னொரு வலையை மாட்டிவிடுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. இயந்திரம் பறக்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம் போகிறதே! அதன்பின் நான் முன்பே சொன்ன ஒற்றைச்சக்கர வண்டிகளின் நேரம்.

கடலோரத்தில் வாங்கும் தண்ணீர் புட்டி இங்கே ஏன் இவ்வளவு விலை என்று கடைக்காரரிடம் வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரு சிலிண்டர், ஒரு மூட்டை சிமென்ட், ஒரு கதவு, ஒரு படுக்கை எல்லாமே பறந்து வந்தவை. குப்பையும் அப்படித்தான் வெளியேறுகிறது. ஆகவே உங்கள் குப்பையை உங்கள் பையிலேயே திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.

மின்சாரம், தண்ணீர், போன் சிக்னல்?

தீவின் மின்கம்பி மஃபாத்துக்குள் வருவதில்லை. கூரைமேல் சூரியத் தகடு, உள்ளே பாட்டரி, மேகம் மூடிய நாட்களுக்கு ஜெனரேட்டர். சூரிய மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றிச் சேமிக்கும் ஓர் அமைப்பையும் லா நுவெலில் நிறுவிப் பார்த்திருக்கிறார்கள். விடுதியில் போன் சார்ஜ் செய்யக் கேட்டால் கொடுப்பார்கள். முடி உலர்த்தியைச் செருகாதீர்கள். தண்ணீர் மலை ஊற்றுகளிலிருந்து குழாயில் வருகிறது. குடிப்பதற்கு ஏற்றதா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். போன் சிக்னல் ஊரில் கிடைக்கும்; வழியில் பல இடங்களில் கிடைக்காது.

பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

தொடக்கப்பள்ளி லா நுவெலிலேயே இருக்கிறது. வேறு சில இலேக்களிலும் உண்டு. ஒரே அறையில் பல வகுப்புகள். ஆசிரியரும் நடந்து வந்து, வாரம் முழுவதும் தங்கிப் பாடம் நடத்துவார்.

பதினோரு வயதில் நிலைமை மாறுகிறது. நடுநிலைப் பள்ளிக்குக் கடலோர நகரங்களுக்குத்தான் போக வேண்டும். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிப் படித்துவிட்டு விடுமுறைக்கு நடந்து வீடு வருவார்கள். சில குடும்பங்களில் தாயும் கூடவே இறங்கிவிடுகிறார். தகப்பன் மேலே தனியே இருக்கிறார். இந்த ஊர் ஏன் பெருகுவதில்லை என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். பதினோரு வயதில் கிளம்பிய பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது நண்பர்கள், வேலை, பழக்கவழக்கம் எல்லாமே கீழே இருக்கின்றன.

திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால்?

லா நுவெலில் ஒரு சிறு மருந்தகம் உண்டு. செவிலியரும் மருத்துவரும் முறைவைத்து வந்து போவார்கள். மாரடைப்பு, எலும்பு முறிவு போன்ற அவசரத்துக்கு மீட்பு ஹெலிகாப்டர் வரும். மேகம் இறங்கியிருந்தால் அதுவும் வர முடியாது. அப்போது மீட்புப் படையினர் நடந்தே வர வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள் பெரும்பாலும் பேறுகாலத்துக்கு முன்பே கீழே உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நடைப்பயணிகளுக்கு: அவசர எண் 112.

தபால் வருமா? தேர்தலில் எங்கே ஓட்டுப் போடுவார்கள்?

வரும். மஃபாத் தபால்காரர் என்றாலே தீவில் எல்லோரும் சொல்லும் பெயர் இவ்ரின் போசே. பல பத்தாண்டுகள் கடிதங்களையும் ஓய்வூதியப் பணத்தையும் முதுகில் சுமந்து இலே இலேயாக நடந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அவரே. தீவில் ஒரு மந்திரிக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

வாக்குச்சாவடி மஃபாத்துக்குள்ளேயே அமைக்கப்படும். பெட்டியும் சீட்டுகளும் ஹெலிகாப்டரில் வந்து போகும்.

அங்கே கொஞ்சம் நிலம் வாங்கிப் போடலாமா? எதிர்காலத்தில் விலை ஏறுமே.

முடியாது. உங்களால் மட்டுமல்ல, அங்கேயே பிறந்து வளர்ந்தவராலும் முடியாது. மஃபாத்தின் நிலம் பொதுச் சொத்து. நிர்வகிப்பது தேசிய வனத்துறை. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருப்பவரும் அந்த மண்ணுக்குக் குத்தகைதாரர்தான். வீடு கட்ட, விடுதியில் ஓர் அறை கூட்ட, மரம் வெட்ட, எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். 2007-இல் தேசியப் பூங்கா உருவானபோது மஃபாத் அதன் மையப்பகுதிக்குள் வந்தது. 2010-இல் இந்த மலைகள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. ஒவ்வொரு பெருமையோடும் ஒரு விதிமுறைக் கட்டும் சேர்ந்தே வந்தது.

இதில் வனத்துறையை வில்லனாக்குவது நியாயமில்லை. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் சரிவுகளை எரித்துப் பயிரிட்டதால் மண் அடித்துச் செல்லப்பட்டது. அதைத் தடுக்கச் சவுக்கும் பிற மரங்களும் நட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் காடு மீள வேண்டுமானால் மக்கள் குறைய வேண்டும் என்று அதிகாரிகள் நினைத்த காலமும் இருந்தது. அதை ஊரார் மறக்கவில்லை. அடிமைகள் ஒளிந்து காப்பாற்றிய இடம், ஏழைகள் கல் பொறுக்கித் திருத்திய வயல்; அதை எங்கள் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியவில்லையே என்று ஒரு முதியவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. குறைந்தபட்சம் தலைமுறை தாண்டும் நீண்டகாலக் குத்தகையாவது உறுதியாக வேண்டும் என்பது என் கருத்து.

பிரான்ஸ் பணக்கார நாடுதானே. ஒரு சாலை போட்டுவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடாதா?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் மஃபாத்தைப் பார்க்காதவர்கள். சிலாவோஸுக்குப் போகும் சாலையில் ஒரு முறை பயணம் செய்யுங்கள். நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள், குறுகிய சுரங்கங்கள், மழைக்காலத்தில் அடிக்கடி பாறைச்சரிவு, அடைப்பு, பழுதுபார்ப்பு. மஃபாத்தின் பாறை அதைவிட நொறுங்கலானது. பெருந்தொகை செலவழித்துப் போட்ட சாலையை ஒரு புயல் தின்றுவிடும்.

பொறியியல் ஒருபுறம் இருக்கட்டும். சாலை வந்த சலாசியிலும் சிலாவோஸிலும் மருத்துவமும் பள்ளியும் பக்கத்தில் வந்தன. அது சாதாரண லாபமல்ல. மஃபாத்தில் ஒரு பகுதி மக்களுக்கு விடுதி வருமானமே, கார் வராததால் நடந்து வந்து இரவு தங்குகிறவர்களால்தான். அவர்கள் சாலை கேட்கமாட்டார்கள். நிலக்குத்தகையும், போதுமான மின்சாரமும், மருத்துவர் வரும் நாட்களும், ஹெலிகாப்டர் கட்டணமும்தான் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருபவை. ‘சாலை இல்லாத சொர்க்கம்’ என்று வியக்கிற நாம், அந்தச் சாலையின்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை மேலே பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் சொன்ன பதில்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மழை, புயல் எப்படி? பயப்பட வேண்டுமா?

மதிக்க வேண்டும். இந்தத் தீவு மழையில் உலகச் சாதனை வைத்திருக்கிறது. 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது. சென்னைக்கு ஓராண்டில் பெய்வதைவிட அதிகம். அது தீவின் இன்னொரு எரிமலை, இன்னும் சீறிக்கொண்டிருக்கும் எரிமலையின் பக்கம். மஃபாத் மேற்கே மழைமறைவில் இருப்பதால் அவ்வளவு இல்லை. ஆனால் ஓடைகள் நிமிடங்களில் பெருகும். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி இறுதியில் காரான்ஸ் என்று அடுத்தடுத்துப் புயல்கள் தீவைத் தாக்கின. இத்தகைய புயலுக்குப் பின் பாதைகளைச் சோதித்துத் திறக்கும் வரை உள்ளே போகத் தடை இருக்கும். தடைப்பலகை இருந்தால் தாண்டாதீர்கள். உங்களைத் தூக்க வருகிறவர்களின் உயிரும் அதில் இருக்கிறது.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

மே முதல் நவம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் இரவுக்குளிர் பலமாக இருக்கும். ஸ்வெட்டர் போதாது, தடித்த மேல்கோட்டு வேண்டும். அக்டோபரில் தீவைக் குறுக்காகக் கடக்கும் கிராந்த் ரெய்து ஓட்டப்பந்தயம் மஃபாத் வழியே போகும். 160 கி.மீ.க்கும் மேல் ஓடுகிற ஆயிரக்கணக்கானவர்களைப் பார்க்க ஆசை இருந்தால் வாருங்கள். ஆனால் அந்த வாரம் படுக்கை கிடைக்காது.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். விடுதிச் சாப்பாடு என்பது சோறு, ஒரு பருப்பு அல்லது பீன்ஸ் குழம்பு, கீரை, தக்காளியும் மிளகாயும் இடித்த ‘ருகாய்’ என்ற துவையல், கூடவே கோழியோ தொத்திறைச்சியோ போட்ட ‘காரி’. கடைசியை எடுத்துவிட்டால் அப்படியே நம் வீட்டுச் சாப்பாடு. சௌசௌக் கொடியின் இளந்தளிரைக் கீரையாகச் சமைப்பார்கள், அதை விடாதீர்கள். முன்பதிவின்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் புதிதாகச் சமைக்கப் பொருள் இருக்காது. பருப்பில் சில நேரம் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதுண்டு என்பதால் அதையும் கேட்டுவிடுங்கள்.

தங்குவதற்கு என்ன ஏற்பாடு? ஆங்கிலம் போதுமா?

பெரும்பாலும் பலர் படுக்கும் கூடம். சில இடங்களில் தனி அறை. இரவுச் சாப்பாடு, காலை உணவு சேர்த்து ஒருவருக்கு ஐம்பது யூரோவை ஒட்டி ஆகும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். அட்டை வாங்குகிற இடங்கள் உண்டு. இணைப்பு அறுந்தால் அதுவும் இல்லை. பேச்சு கிரியோல், பிரெஞ்சு. ஆங்கிலம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. பெரியவர்களைப் பார்த்ததும் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பதை இங்கே அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா? என்னிடம் ஷெங்கன் விசா இருக்கிறதே.

ரீயூனியன் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசாப் பகுதியில் சேராது. பாரீஸுக்கு வாங்கிய விசா இங்கே தானாகச் செல்லாது. விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று குறிப்பிட்டு, விதிகளைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் உறுதிசெய்யுங்கள். மொரீஷியஸ் வழியாக வருவது வழக்கமான வழி.

ட்ரோன் கொண்டுவரலாமா? வீடுகளைப் படம் எடுக்கலாமா?

தேசியப் பூங்காவின் மையப்பகுதி என்று மேலே சொன்னேன். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. வண்ணம் பூசிய தகரச் சுவரும் முன்னால் பூச்செடியுமாக ஒவ்வொரு வீடும் படமெடுக்கச் சொல்லும். ஆனால் வேலியில் கேமராவை நீட்டாதீர்கள். அது அவர்கள் வாசல். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

லா நுவெல் கடைத்தெருவாகிவிட்டது, மார்லாவுக்குப் போ என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை. மார்லா இன்னும் உயரத்தில், சுமார் 1,600 மீட்டரில், அமைதியாக இருக்கிறது. வீடுகள் குறைவு. லா நுவெலில் விடுதிகள் நெருங்கி நிற்கின்றன, கடை இருக்கிறது, ரொட்டிக்கடைகூட இருக்கிறது. உச்சிவெயிலில் ஹெலிகாப்டர் சத்தமும் நடைப்பயணிகளின் கூட்டமும் உண்டு. தனிமை மட்டும் வேண்டுமென்றால் மார்லாவோ ரோஷ் ப்ளாத்தோ உங்களுக்கு ஏற்றது.

ஆனால் கூட்டமே இல்லாத இலேயில் வருமானமும் குறைவு. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை நடத்துவது கடினம். பள்ளி போனால் இளம் குடும்பங்களும் போய்விடும். லா நுவெலில் பள்ளியும் மருந்தகமும் நிலைத்திருப்பதற்கு நீங்கள் முகம் சுளிக்கும் அந்தக் கூட்டமும் ஒரு காரணம். முடிந்தால் இரண்டு இரவு வையுங்கள்: முதல் இரவு லா நுவெல், மறுநாள் காலை கிளம்பி இரண்டாம் இரவு மார்லா. அங்கிருந்து தைபித் கணவாய் ஏறிச் சிலாவோஸில் இறங்கலாம். அங்கே பஸ் கிடைக்கும். கோல் தே பெயில் கார் நிறுத்தியிருந்தால் மட்டும் இந்த வழி ஒத்துவராது. அப்போது மார்லாவிலிருந்து தமரேன் சமவெளி வழியாகவே திரும்பிவிடுங்கள்.